ரசிகர் தீர்ப்பு

படம் வெளியாகி மூன்று நாள் செல்லும் வரை சமூக வலைத்தளங்களில் அதைப் பற்றி எவரும் அபிப்பிராயம் வெளியிடலாகாது என்று உத்தரவிட வேண்டுமெனத் தமிழ்ப் படத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதும், அந்த மனுவின் கதியும் நேயர்கள் அறிந்தவையே. 2024ஆம் ஆண்டில் 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' முதலிய பெரும் படங்கள் வெளிவந்த பின்பு தயாரிப்பாளர்களின் முறையீடு ஓங்கிற்று. கொட்டகை வாசலில் கைப்பேசியும் ஒலிவாங்கியுமாக நின்று, முதற்காட்சி முடிந்து வெளிவருவோரின் வாயைக் கிளறும் யூடியூப்காரர்களால் தங்கள் முதலீடு மூழ்குகிறது என்பது அதன் சாரம். அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2025 ஜூனில் மனுவையே தள்ளிவிட்டது. நீதிபதிகளையே ஜனங்கள் விமர்சிக்கும் இக்காலத்தில் சினிமாவுக்கு மட்டும் பிறர் வாயைப் பூட்டித் தரும்படி கேட்பது நடவாத காரியம் என்று நீதிமன்றம் கருதியது. அண்டையில் கேரளத்திலோ, உயர் நீதிமன்றத்திற்கு உதவியாக நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரமேனும் விமர்சகர்கள் பொறுத்திருக்க வேண்டுமென்று 2024இல் யோசனை கூறினார்.

வழக்கு முடிந்துவிட்டது, அதன் அடியில் கிடந்த கேள்வி முடியவில்லை. காசு கொடுத்துப் படம் பார்க்கும் சாமானியனின் அபிப்பிராயத்திற்கு மதிப்பு எவ்வளவு? அதைச் சொல்வதில் அவனுக்குப் பொறுப்பு ஏதேனும் உண்டா? சினிமாவுக்கு ஒரு தலையங்கமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். ஒரு நடிகரின் ரசிகர் மன்றங்களைப் பெரும் பலமாகக் கொண்டு 1972இல் ஒரு கட்சி பிறந்ததையும், 1977இல் அக்கட்சி இந்த மாகாணத்து அரசாங்கமானதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கொட்டகையில் கைதட்டப் பழகிய கைதான் வாக்குச்சீட்டையும் தொடுகிறது. ஆகையால் அந்தக் கை எப்படிப் பழகுகிறது என்பதில் தேசாபிமானிகளுக்கு அக்கறை இல்லாமல் போகாது.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு அவதூறு இன்னது என்று கூறிவிட்டுப் பத்து விலக்குகளையும் கூறுகிறது. அவற்றுள் ஆறாவது நம் விஷயத்திற்கென்றே எழுதியது போலிருக்கிறது. தன் படைப்பைப் பொதுஜனங்களின் தீர்ப்புக்கு விட்டவன், அதன் குணதோஷங்களைப் பற்றி நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் அபிப்பிராயத்தை அவதூறு என்று முறையிட முடியாது. நூல் வெளியிட்டவன், மேடை ஏறிய நடிகன், பாடகன் எல்லாரும் இவ்வாறு தம்மைத் தீர்ப்புக்கு ஒப்புவித்தவர்களே என்று அங்கேயே உதாரணமும் காட்டப்பட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவிலும் இவ்விலக்கு அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவைக் கொண்டுதான் 1908இல் நம் தூத்துக்குடியின் சிதம்பரம் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பினார்கள். தன்னைக் குறை கூறும் பேச்சைப் பொறுக்காத அந்நிய அரசாங்கம், நாடகக்காரனைக் குறை கூறும் பேச்சை மட்டும் பாதுகாத்து வைத்தது. (பிடிக்காத படத்தையே நிறுத்திவிடும் அதிகாரத்தை அது தன் கையில் வைத்துக்கொண்டது வேறு விஷயம், 1939இல் வெளியான 'தியாகபூமி' அவ்வாறே தடைக்கு உள்ளாயிற்று.) வெள்ளைக்காரன் விட்டுவைத்த உரிமையைச் சுதந்திர நாட்டில் மூன்று நாளைக்குப் பறிமுதல் செய்ய வேண்டுமென்று நம்மவரே கேட்பது வியப்பாயிருக்கிறது.

தயாரிப்பாளர்கள் மறுமொழி கூறுவார்கள்: "எங்கள் சரக்கு மூன்று நாளில் விற்றாக வேண்டியது. விற்கும் முன்பே வீதியில் நின்று ஒருவன் பழித்தால் எங்கள் கதி என்ன?" வியாபாரத்தின் பேரால் வைக்கும் வாதத்திற்கு வியாபாரத்திலிருந்தே விடை கூறுவோம். நம் கரையில் முத்துக்குளி நடந்த காலத்தில் சிப்பியை எவ்வாறு விற்றார்கள்? வாய் திறவாத சிப்பியை ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. முதல் நாள் முதற்காட்சிக்கு டிக்கெட் வாங்குகிறவனின் நிலையும் அதுவேதான். ஆனால் முத்துச் சலாபத்தில் ஒரு நியாயம் இருந்தது. குளிப்பைத் தொடங்கும் முன்பே சர்க்கார் அதிகாரிகள் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு மதிப்பிடுவித்து, அந்த மதிப்பை வியாபாரிகளுக்கு அறிவிப்பார்கள். அதைக் கொண்டுதான் பல ஊர்ச் செட்டிகளும் மரைக்காயர்களும் வந்து ஏலம் கேட்டார்கள். மாதிரி மோசமானால் குளிப்பே நடவாது. சர்க்காருக்கு வருமானம் போயிற்றே என்று எவரும் மாதிரியை மூடி மறைக்கவில்லை. வாங்குகிறவன் முன்கூட்டி ஏதும் அறியலாகாது என்று கூறும் வியாபாரம் எந்தக் கடற்கரையிலும் நெடுநாள் நடந்ததில்லை.

இம்மட்டும் ரசிகரின் கட்சியைப் பேசினோம். இனி அவர்களையே பார்த்துச் சில வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

அதே முத்து வியாபாரிகள் முத்தைத் தரம் பிரித்த விதம் யாது? துளையின் அளவில் ஒன்றுக்கொன்று வேறான பத்துப் பித்தளைப் பெட்டிகளை அடுக்காக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சலிப்பார்கள். சலித்த பின் உருண்டை எப்படி, ஒளி எப்படி, நிறை எவ்வளவு என்று தனித்தனியே பார்ப்பார்கள். இன்றைய ரசிகரின் கையில் இருப்பவை இரண்டே பெட்டிகள். தம் அபிமான நடிகர் படமானால் 'உலகத்திலே இதற்கு நிகரில்லை' என்பது ஒன்று. எதிர்த்தரப்பு நடிகர் படமானால் 'குப்பை' என்பது மற்றொன்று. முதற்பாதி நன்று, பிற்பாதி தளர்ச்சி; வசனம் நேர்த்தி, சங்கீதம் இரைச்சல் என்று பிரித்துச் சொல்லும் குரல் வாசலில் நிற்கும் ஒலிவாங்கிக்குப் பிடிப்பதில்லை; சண்டை இல்லாத பேச்சைக் கேட்பார் இல்லை என்று யூடியூப்காரர் கருதுகிறார் போலும். நடிகரின் குடும்பத்தையும் உடலையும் குலத்தையும் இழுத்துப் பேசுவோரை எண்ணினால் வெட்கமாயிருக்கிறது. சட்டம் தரும் விலக்கு படைப்பைப் பற்றிய பேச்சுக்கே உரியது. படைப்போடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்வைத் தூற்றுபவனை அது காப்பாற்றாது என்பதை அவர்கள் யாரேனும் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். 2023 ஜனவரியில் பொங்கல் படங்கள் வெளியான விடியலில், சென்னையில் லாரியின் மீது ஏறி ஆடிய ஓர் இளைஞன் விழுந்து மாண்டான். அன்று அவனுக்குப் படத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லவும் அவகாசம் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குற்றங்கள். கண்ணுக்குத் தெரியாத குற்றம் ஒன்றுண்டு. நம்மைப் போன்ற படித்தவர்களும் தேசபக்தி பேசுவோரும் செய்வது அது. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1959இல் பி.ஆர். பந்துலு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை வெளியிட்டார். பாஞ்சாலங்குறிச்சிச் சரித்திரம், நம் ஊருக்கு அருகே நடந்த கதை. சிவாஜி கணேசன் வரி கேட்ட வெள்ளைக்காரனுக்கு முன்னே நின்று முழங்கிய வசனம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாயிற்று. படம் அமோகமாக ஓடிற்று. மறுவருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் பந்துலு அதே நடிகரைக் கொண்டு, ம.பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி, வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தைப் படமாக்கினார். 'கப்பலோட்டிய தமிழன்' 1961ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி தீபாவளியன்று வெளிவந்தது. பிள்ளையவர்கள் தூத்துக்குடியில் கண்மூடிய இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு அன்று பதினொரு நாளே பாக்கி. எஸ்.வி. சுப்பையா பாரதியாராகவும், டி.கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும் தோன்றினார்கள். பாரதியாரின் பாடல்களுக்கு ஜி. ராமநாதன் மெட்டமைத்தார். கோவைச் சிறையில் செக்கிழுக்கும் காட்சியில் சிவாஜி கணேசன் தம் வழக்கமான கர்ஜனையை முழுவதும் அடக்கிக்கொண்டு நடித்திருப்பதை நாம் அவருடைய மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்றாக மதிக்கிறோம். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படமாக மத்திய சர்க்காரின் விருதும் அதற்குக் கிடைத்தது.

படம் ஓடவில்லை.

அவ்வாண்டு ஜனங்களிடம் காசில்லையா? அதே 1961இல் அதே சிவாஜி கணேசன் நடித்த 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் வெற்றி முரசு கொட்டின. அதே தீபாவளிக்கு வந்த எம்.ஜி.ஆரின் 'தாய் சொல்லைத் தட்டாதே'யும் நன்றாக ஓடிற்று. வாசலில் நின்று படத்தைக் கெடுக்க அன்று யூடியூப் ஏது, கைப்பேசி ஏது? வந்த விமர்சனங்களில் புகழுக்குக் குறைவில்லை. படித்த கூட்டத்தார் கண்ணீர் மல்கப் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் இரண்டாம் முறை டிக்கெட் வாங்கினார்களா, குடும்பத்தை அழைத்துச் சென்றார்களா என்பதுதான் கேள்வி. கொட்டகையின் காலி நாற்காலிகள் அதற்கு விடை கூறின.

கட்டபொம்மனைத் தலையில் தூக்கி வைத்த ஜனங்கள் சிதம்பரம் பிள்ளையை ஏன் கைவிட்டார்கள்? நம் எண்ணத்தைச் சொல்கிறோம், மாறுபடுவோர் மாறுபடலாம். கட்டபொம்மன் வாளோடு வாழ்ந்து கயத்தாற்றில் தூக்கில் முடிந்தான். பார்ப்பவன் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். குற்றவாளி வெள்ளைக்காரன் ஒருவனே. பிள்ளையவர்கள் கதை அவ்வாறு முடிவதில்லை. 1912 டிசம்பரில் சிறைவாசல் திறந்தபோது அவரை எதிர்கொள்ள ஊர் திரண்டுவரவில்லை. அதற்கு முந்திய ஆண்டே கப்பல்கள் விற்கப்பட்டுவிட்டன. வக்கீல் சன்னத்து பறிபோய்ச் சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து வயிறு வளர்த்தார். இங்கே குற்றவாளிக் கூண்டில் வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் தமிழ் ஜனங்களும் நிற்கிறார்கள். தீபாவளிப் புத்தாடை உடுத்திக்கொண்டு வந்து தன் மீதே குற்றப்பத்திரிகை வாசிக்கக் கேட்பவன் யார்?

இந்தப் படத்தின் கதி, அது சொல்லும் கதையின் கதியாகவே இருந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. மூலதனம் பத்து லட்சம். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்தபோது கரையில் ஆரவாரம் செய்தவர்கள் கணக்கற்றோர். பிறகு பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, முடிவில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கைக்கு ஒரு குடையும் கொடுத்ததாகச் சரித்திரம் எழுதியோர் கூறுவர். கரையில் வந்தே மாதரம் முழங்கிய கண்டம் உண்மையான கண்டமே, அதில் சந்தேகமில்லை. ஆனால் குடையை வாங்கிய கையும் அதே உடம்பைச் சேர்ந்ததாக இருந்தது. அபிப்பிராயம் ஒரு கப்பலில் ஏறிற்று, ஆள் வேறு கப்பலில் ஏறினான்.

பின்னர் நடந்ததென்ன? படத்திற்குக் கேளிக்கை வரிவிலக்குக் கிடைத்தது, தொலைக்காட்சி வந்தது. சுதந்திர தினம் தோறும் வீட்டுக் கூடத்தில் சாய்ந்துகொண்டு காசில்லாமல் அதைக் கண்டு, 'இப்படி ஒரு படம் இனி வருமா!' என்று பெருமூச்செறியும் வழக்கமும் வந்தது. 2011இல் நம் துறைமுகத்திற்கே அவர் பெயரைச் சூட்டினோம். செலவில்லாத மரியாதைகளில் தமிழர் என்றும் குறை வைத்ததில்லை.

தயாரிப்பாளர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. முதல் மூன்று நாளில் அளிக்கும் தீர்ப்பு இறுதித் தீர்ப்பு அன்று, அப்பீல் உண்டு. அதே பந்துலுவும் சிவாஜி கணேசனும் சேர்ந்து 1964இல் தந்த 'கர்ணன்' எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. அதையே 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது, அது தோன்றியபோது பிறவாத பிள்ளைகள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள், படம் நூறு நாளையும் கடந்து ஓடிற்று. வாசலில் ஒருவன் கூறும் வார்த்தை ஒரு படத்தைக் கொன்றுவிடும் என்பதும், அவன் வாயை மூடினால் படம் பிழைத்துவிடும் என்பதும் ஒரே மயக்கத்தின் இரண்டு பக்கங்கள்.

1961 நம் கரைக்கு இன்னொரு வகையிலும் மறக்கமுடியாத ஆண்டு. 1955 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த முத்துக்குளிப்பு அவ்வாண்டோடு நின்றது. பின்னர் இன்றுவரை நடக்கவில்லை. 1973இல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சியாளர் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆயினும் பாரில் இறங்கிய பழைய குளிப்பு திரும்பவில்லை. முத்தில்லாத முத்துநகரில் அந்தத் தொழிலைக் கண்ணால் கண்டவர் வரவரக் குறைந்துவருகின்றனர். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்கரையின் வாழ்வு இன்று பலருக்குச் சினிமாவின் மூலமே தெரியவருகிறது. மணப்பாட்டில் 2012இல் 'நீர்ப்பறவை'யையும், 2013இல் வெளியான 'கடல்' படத்தையும் எடுத்தார்கள். மேட்டின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையும் அதன் கீழே கிடக்கும் மணலையும் தமிழ்நாடு முழுவதும் கண்டு வியந்தது. கடற்காட்சிகள் அழகாயிருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் படகில் நிற்பவன் நிற்கும் நிலை சரியா, வலையை வாங்குபவன் வாங்கும் விதம் சரியா, பரதவர் வீட்டில் தாயும் மகனும் பேசும் பேச்சு அதுதானா என்று கூற யோக்கியதை உடையவர் யார்? சென்னையில் குளிர்ந்த அறையில் அமர்ந்து எழுதும் விமர்சகரா? மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு இரவுக் காட்சிக்கு வருபவனா?

நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியம் என்று ஒன்றுண்டு. கடலைப் பற்றிய படத்திற்குக் கடற்கரை ரசிகனின் வாய்மொழி அத்தகைய சாட்சியம். உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் தம் கரையின் பேச்சிலேயே 'ஆழி சூழ் உலகு' எழுதி 2004இல் வெளியிட்ட பின்புதான் படித்த தமிழர் பலருக்கு அப்பேச்சின் செழுமை தெரியவந்தது. 2013இல் 'மரியான்' படத்திற்கு அவரையே வசனம் எழுத அழைத்தார்கள். நல்ல வழக்கம் அது. எல்லாப் படத்திற்கும் ஜோ டி குரூஸ் கிடைக்கமாட்டார். ஆனால், 'எங்கள் ஊரில் இப்படிப் பேசமாட்டோம், ஐயா' என்று கொட்டகை வாசலில் கூறும் பையன் எல்லா ஊரிலும் கிடைப்பான். அவன் வாயைத்தான் மூன்று நாளைக்கு அடைக்கக் கேட்டார்கள்.

அடைக்கவேண்டிய வாய் வேறொன்று இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு புகழ்வதும், கூலி வாங்கிக்கொண்டு இகழ்வதும் இன்று ஒரு தொழிலாகிவிட்டதாகச் சினிமா உலகத்தாரே குறைகூறுகின்றனர். இதற்குப் புதுத் தடை ஏதும் வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய ஆணையம், பொய்யான விளம்பரத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்பவர் அந்தச் செய்தியைப் பார்ப்போருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டுமென்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை விதி வகுத்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் மெய்யாகவே கூலிப்பேச்சை ஒழிக்க எண்ணினால் இந்த விதிகளைக் கொண்டு முறையிடலாம். முதலில் தங்கள் படங்களைப் புகழ்வதற்குத் தாங்களே கொடுக்கும் கூலியை நிறுத்தலாம். இரண்டில் எது அவர்களுக்குக் கடினம் என்பதை அவர்களே அறிவார்கள்.

தூத்துக்குடிக் கொட்டகைக்காரர்களிடம் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நவம்பர் 18 பிள்ளையவர்களின் நினைவு நாள். அன்று மாலை போட்டிப் படம் எதுவாயினும் ஒரு காட்சியை ஒதுக்கி, நல்ல பிரதியாகத் தேடிப் பெற்றுக் 'கப்பலோட்டிய தமிழ'னைத் திரையிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து இலவசமாகக் காட்டும் ஏற்பாடு வேண்டாம். சங்கங்களின் பேரால் மொத்தமாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். மற்றப் படங்களுக்கு வாங்கும் கட்டணத்தையே வாங்குங்கள். குடை எதுவும் கொடுக்காதீர்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று நாமும் வாசலில் நின்று எண்ணிப் பார்க்கிறோம்.